சி.எஃப்.ஏ. தேர்வுக்கு எல்.ஓ.எஸ். வரிகளை வைத்துப் படிப்பது எப்படி

சி.எஃப்.ஏ. என்பது முதலீட்டுத் துறைக்கான, மூன்று லெவல்களில் எழுதும் தேர்வு. அதன் பாடத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. தேர்வர் இன்னின்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு முன்குறிப்பு இருக்கும். அதன் கீழே சில வரிகள், ஒவ்வொன்றும் ஒரு வினைச்சொல்லில் ஆரம்பிக்கும். முழுப் பெயர் லேர்னிங் அவுட்கம் ஸ்டேட்மென்ட், படிக்கிறவர்கள் எல்.ஓ.எஸ். என்பார்கள். பலரும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு நேராகப் பாடத்தின் முதல் பத்திக்குப் போய்விடுகிறார்கள். தேர்வுக் கேள்விகள் இந்த வரிகளை அடிப்படையாக வைத்துத்தான் தயாராகின்றன என்று தேர்வை நடத்தும் சி.எஃப்.ஏ. இன்ஸ்டிட்யூட்டே சொல்கிறது. ஆயிரக்கணக்கான பக்கங்களில் எதை, எந்த ஆழத்துக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தேர்வு வைப்பவரே எழுதிக்கொடுத்திருக்கும் ஒரே இடம் அதுதான்.

இந்த வரிகளைத் தலைப்புப் பட்டியலாக எடுத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. "டியூரேஷன் படித்தாச்சு" என்று டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். ஆனால் அந்த வரி கேட்டது டியூரேஷனை, அதாவது வட்டி விகிதம் மாறினால் கடன் பத்திரத்தின் விலை எவ்வளவு மாறும் என்ற அளவை, கணக்கிட்டு, வந்த எண் என்ன சொல்கிறது என்று விளக்கும் திறமையை. படித்தோமா என்பதை டிக் காட்டும். செய்ய முடிகிறதா என்பதைக் காட்டாது. ஒவ்வொரு வரியையும் மூடிய புத்தகத்தோடு செய்துபார்க்கும் ஒரு சின்னத் தேர்வாக மாற்றுவதுதான் இங்கே சொல்லப்போகும் முறை.

முதலில் சரியான ஆண்டின் பட்டியல்

சி.எஃப்.ஏ. இன்ஸ்டிட்யூட் தன் இணையதளத்தில் ஒவ்வொரு லெவலுக்கும் டாபிக் அவுட்லைன் என்ற பெயரில் எல்லா எல்.ஓ.எஸ். வரிகளையும் பி.டி.எஃப். ஆக இலவசமாகத் தருகிறது. நீங்கள் எழுதப்போகும் ஆண்டுக்கு உரியதை இறக்கிக்கொள்ளுங்கள். சீனியர் கொடுத்த நோட்ஸ், பழைய வீடியோ, செகண்ட் ஹேண்ட் புத்தகம் எதுவானாலும் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே கையில் எடுங்கள்.

இதைச் சடங்காக நினைக்க வேண்டாம். 2024 பாடத்திட்டத்தில் லெவல் ஒன்றின் அடிப்படைப் பகுதிகள் சில, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய பாடங்களாகத் தனியே பிரிக்கப்பட்டன. 2025 முதல் லெவல் மூன்றில் போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட், பிரைவேட் வெல்த், பிரைவேட் மார்க்கெட்ஸ் என்று மூன்று பாதைகள் வந்துவிட்டன. பழைய நோட்ஸை மட்டும் நம்பினால், நீக்கப்பட்டதைப் படிப்பதில் நாட்கள் போகும். புதிதாக வந்தது கண்ணிலேயே படாது. இரண்டாவதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் விடுபட்டது விடுபட்டது என்றே தெரியாது.

பட்டியலை எக்செல் ஷீட்டில் ஏற்றுங்கள். ஒரு வரிக்கு ஒரு ரோ. நெடுவரிசைகள் இவ்வளவு போதும்: பாடப்பகுதி, வினைச்சொல், எதைப் பற்றியது, கடைசியாகச் சோதித்த தேதி, அன்றைய முடிவு, தவறு என்றால் காரணம். ஒரு மாலைக்குள் ஷீட் முடிந்துவிட வேண்டும். வண்ணம் தீட்டுவதிலும் ஃபார்முலா போடுவதிலும் ஒரு வாரம் செலவாகிறதென்றால், படிப்பைத் தள்ளிப்போட நல்ல சாக்கு கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

வினைச்சொல் என்ன கேட்கிறது

ஒரே பாடப்பொருள், வேறு வினைச்சொல் என்றால் வேறு தயாரிப்பு. அடிக்கடி வருபவற்றை இப்படிப் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

கால்குலேட், எஸ்டிமேட்: வெற்றுத்தாள், கால்குலேட்டர், கடிகாரம். லெவல் ஒன்றில் 135 நிமிடத்தில் 90 கேள்விகள் என்று இரண்டு பகுதிகள். ஆக ஒரு கேள்விக்கு 90 விநாடி. அந்த நேரத்துக்குள், ஃபார்முலாவைப் பார்க்காமல், எண்களை மாற்றி இரண்டு முறை சரியாக வந்தால்தான் அந்த வரி முடிந்தது. தேர்வில் அனுமதிக்கப்படும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிஏ டூ பிளஸ் அல்லது எச்பி 12சி கால்குலேட்டரிலேயே பயிற்சி செய்யுங்கள். எக்செல்லில் போட்டுப் பார்த்தது கணக்கில் சேராது.

டிஃபைன், டிஸ்கிரைப், எக்ஸ்ப்ளெய்ன்: இந்த மூன்றையும் ஒன்றாகவே பலர் பார்க்கிறார்கள். டிஃபைன் என்றால் ஒரு வாக்கியம் போதும். டிஸ்கிரைப் என்றால் அம்சங்கள், படிகள், அது எப்படி இயங்குகிறது என்பது. எக்ஸ்ப்ளெய்ன் என்றால் காரணம். நீங்கள் சொல்லும் விடையில் "ஏனென்றால்" வரவில்லையா, எக்ஸ்ப்ளெய்ன் இன்னும் முடியவில்லை.

கம்பேர், கான்ட்ராஸ்ட்: இரண்டையும் தனித்தனியாக விவரிக்கத் தெரிவது போதாது. ஒரே அளவுகோலில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைக்க வேண்டும். ஒரு சின்ன அட்டவணை, குறைந்தது மூன்று வரிசை, நினைவிலிருந்து எழுத வர வேண்டும். கம்பேர் ஒற்றுமையையும் சேர்த்துக் கேட்கிறது; கான்ட்ராஸ்ட் வேற்றுமையை மட்டும்.

இன்டர்பிரட்: எண்ணை வாக்கியமாக்குவது. அலகு, திசை, எந்த நிபந்தனையில் இது உண்மை என்ற மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

எவால்யுவேட், ரெக்கமெண்ட், ஜஸ்டிஃபை, டிமான்ஸ்ட்ரேட்: ஒரு சூழலைக் கொடுப்பார்கள், நீங்கள் முடிவெடுக்க வேண்டும். இந்த வரிகளுக்கு ஃபிளாஷ் கார்டு உதவாது. கேள்விகளைப் போட்டுப்போட்டுத்தான் வரும்.

பொதுவாக ஒரு வரியில் டிஸ்கிரைப் மட்டும் இருந்தால், அந்த வரியிலிருந்து நீளமான கணக்கு வராது. அதனால் அது லேசானது என்று விட்டுவிடக் கூடாது. கணக்குக் கேள்வியில் விடை மூன்று தேர்வுகளில் ஒன்றோடு ஒத்துப்போகும், தவறினால் பல நேரம் தெரிந்துவிடும். விவரிக்கும் கேள்வியில் மூன்று தேர்வுகளும் உண்மை போலவே தோன்றும்; அரைகுறையாகப் படித்தவர் அங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்.

கூட்டு வரியைக் கட்டங்களாக உடைப்பது

பல எல்.ஓ.எஸ். வரிகள் வெளியே ஒன்று, உள்ளே பல. கடன் பத்திரப் பாடத்தில் வரும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாடிஃபைடு டியூரேஷன், மணி டியூரேஷன், பிரைஸ் வேல்யூ ஆஃப் எ பேசிஸ் பாயிண்ட் (யீல்டு, அதாவது சந்தை எதிர்பார்க்கும் வருமான விகிதம், 0.01% மாறினால் விலை மாறும் தொகை) என்ற மூன்றையும் டிஃபைன், கால்குலேட், இன்டர்பிரட் செய்யத் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். மூன்று பொருள், மூன்று வினை, மொத்தம் ஒன்பது கட்டம். தாளில் ஒன்பது கட்டம் போட்டு ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்க வேண்டும். ஷீட்டில் ஒரே டிக்காக இருந்தால், ஒன்பதில் நான்கு தெரிந்தவரும் டிக் போட்டுவிடுவார்.

கணக்கோடு பார்ப்போம். மூன்று ஆண்டுப் பத்திரம், ஆண்டுக்கு ஒருமுறை 6% கூப்பன் (பத்திரம் தரும் வட்டி), யீல்டு 8%, முகமதிப்பு ₹100. மூன்று ஆண்டுகளின் பணவரத்தை இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி செய்தால் 5.5556, 5.1440, 84.1462 வரும். கூட்டினால் விலை ₹94.85. ஒவ்வொன்றையும் அதன் ஆண்டால் பெருக்கிக் கூட்டி, விலையால் வகுத்தால் மெக்காலே டியூரேஷன், அதாவது பணம் திரும்பிவர ஆகும் எடையிட்ட சராசரிக் காலம், 2.8286 ஆண்டு. அதை 1.08 ஆல் வகுத்தால் மாடிஃபைடு டியூரேஷன் 2.6191.

இந்தப் பத்திரத்தில் ₹1 கோடி முகமதிப்புக்கு வைத்திருக்கிறீர்கள். சந்தை மதிப்பு சுமார் ₹94.85 லட்சம். மணி டியூரேஷன் அதை 2.6191 ஆல் பெருக்கியது, சுமார் ₹2.48 கோடி. ஒரு பேசிஸ் பாயிண்டுக்கான தொகை அதன் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் ₹2,484.

கால்குலேட் கட்டங்கள் மூன்றும் முடிந்தன. இன்டர்பிரட் கட்டங்களில்தான் சறுக்கல். ₹95 லட்சம் மதிப்புள்ள பத்திரத்துக்கு மணி டியூரேஷன் எப்படி ₹2.48 கோடி ஆகும் என்று கேட்டால் பலர் நின்றுவிடுகிறார்கள். அது இழப்பின் அளவு இல்லை. யீல்டு மாற்றத்தால் பெருக்க வேண்டிய எண். யீல்டு 0.5% ஏறினால் ₹2.48 கோடியை 0.005 ஆல் பெருக்கி, மதிப்பு சுமார் ₹1.24 லட்சம் குறையும் என்று சொல்ல வேண்டும். மாடிஃபைடு டியூரேஷனின் வாக்கியம் இப்படி வரும்: யீல்டு 0.5% ஏறினால் விலை ஏறக்குறைய 1.31% இறங்கும். யீல்டை 8.5% ஆக வைத்து விலையை மறுபடி கணக்கிட்டால் உண்மையான இறக்கம் 1.30%. அந்தச் சிறு வித்தியாசம் கன்வெக்ஸிட்டியால், அதாவது விலைக்கும் யீல்டுக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லாமல் வளைந்திருப்பதால், வருவது. "ஏறக்குறைய" என்ற சொல் ஏன் வாக்கியத்தில் இருந்தாக வேண்டும் என்பதும் இங்கேயே புரியும்.

இன்டர்பிரட் முடிந்ததா என்று பார்க்க ஒரு கேள்வி போதும். மாடிஃபைடு டியூரேஷன் குறைவாக உள்ள பத்திரத்துக்கு, ஒரு பேசிஸ் பாயிண்டுக்கான தொகை அதிகமாக இருக்க முடியுமா? முடியும். முதலாவது சதவீதம், இரண்டாவது ரூபாய், வைத்திருக்கும் தொகையைப் பொறுத்தது. தயங்காமல் இதைச் சொல்ல வந்தால் அந்தக் கட்டத்தை மூடலாம்.

தவறான தேர்வுகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் இதே கணக்கு காட்டிவிடுகிறது. 1.08 ஆல் வகுக்க மறந்தால் 2.83. நூறு ரூபாய்க்கான எண்ணை மொத்தத் தொகைக்கான எண்ணாக எடுத்தால் இன்னொரு தவறான விடை. ஆண்டுக்கு இருமுறை கூப்பன் தரும் பத்திரத்தில் யீல்டைப் பாதியாக்கி வகுக்காமல் விட்டால் மூன்றாவது. ஒவ்வொரு கால்குலேட் வரிக்கும் கீழே "இங்கே எப்படியெல்லாம் நழுவலாம்" என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். தேர்வறையில் உங்கள் விடை தேர்வுகளில் ஒன்றோடு அப்படியே பொருந்தினாலும், அது நழுவலுக்கென்று வைக்கப்பட்ட விடையாக இருக்கலாம் என்ற விழிப்பு அதனால் வரும்.

எவால்யுவேட் வரும்போது

போர்ட்ஃபோலியோ வருமானத்தை அளக்கும் இரண்டு முறைகளான மணி வெயிட்டட், டைம் வெயிட்டட் ரிட்டர்ன்களை ஒப்பிட்டு, அவற்றை வைத்துச் செயல்பாட்டை மதிப்பிடச் சொல்லும் வரி ஒன்று உண்டு. பெரும்பாலானோர் இரண்டு ஃபார்முலாவையும் மனப்பாடம் செய்து நிறுத்திக்கொள்கிறார்கள். வரியின் கடைசி வினை அதற்கு மேல் போகச் சொல்கிறது.

₹100 லட்சத்தில் ஆரம்பம். முதல் ஆண்டு 20% ஏறி ₹120 லட்சம். அப்போது வாடிக்கையாளர் இன்னொரு ₹100 லட்சம் போடுகிறார். இரண்டாம் ஆண்டு 10% இறக்கம்; ₹220 லட்சம் ₹198 லட்சம் ஆகிறது. டைம் வெயிட்டட் ரிட்டர்ன்: 1.20 ஐ 0.90 ஆல் பெருக்கினால் 1.08, அதன் வர்க்கமூலம் 1.0392, ஆண்டுக்கு 3.92%. மணி வெயிட்டட் என்பது ஐ.ஆர்.ஆர்., அதாவது எல்லாப் பணவரத்துகளின் இன்றைய மதிப்பையும் கூட்டினால் பூஜ்யம் வரச் செய்யும் விகிதம். கால்குலேட்டரில் தொடக்கத்தில் மைனஸ் 100, முதல் ஆண்டு முடிவில் மைனஸ் 100, இரண்டாம் ஆண்டு முடிவில் பிளஸ் 198 என்று ஏற்றினால் மைனஸ் 0.67% வரும்.

ஒரே போர்ட்ஃபோலியோ, ஒன்றில் லாபம், இன்னொன்றில் நஷ்டம். மேலாளர் நன்றாகச் செய்தாரா? பணம் எப்போது வரும், போகும் என்பது அவர் கையில் இல்லையென்றால் 3.92%தான் அவரை அளக்கும் எண். பணவரத்தின் நேரத்தையும் அவரே முடிவு செய்கிறார் என்றால் மணி வெயிட்டட் எண் பொருந்தும். வாடிக்கையாளரின் பணம் உண்மையில் எப்படி வளர்ந்தது என்பதும் அதில்தான் தெரியும். இந்த முடிவை, காரணத்தோடு, மூன்று வாக்கியத்துக்குள் சொல்ல வந்தால்தான் எவால்யுவேட். எண்களை மட்டும் மாற்றிக் கொடுக்காமல் சூழலை மாற்றிக் கொடுத்தும் உங்களைச் சோதித்துப்பாருங்கள்: பெரிய தொகை முதல் ஆண்டுக்கு முன் வந்திருந்தால் எந்த எண் ஏறும், எது அசையாது?

விகிதங்களின் திசை

நிதிநிலை அறிக்கைப் பாடத்தில் சரக்கிருப்பு, தேய்மானம், குத்தகை எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான வரி திரும்பத் திரும்ப வரும்: இந்த முறைத் தேர்வு அறிக்கையையும் விகிதங்களையும் எப்படிப் பாதிக்கும் என்று விளக்கு. இதற்குப் பக்கம் பக்கமாக நோட்ஸ் எழுத வேண்டாம். சின்ன எண்களில் ஒரு கணக்கு, பக்கத்தில் மேல் அம்பு, கீழ் அம்பு. அவ்வளவுதான்.

தொடக்க இருப்பு இல்லை. 100 பொருள் ₹10 வீதம், பிறகு 100 பொருள் ₹12 வீதம் வாங்கப்பட்டது. 100 பொருள் ₹15 வீதம் விற்றது. முதலில் வாங்கியது முதலில் விற்றதாகக் கொள்ளும் ஃபிஃபோ முறையில் விற்ற சரக்கின் அடக்கம் ₹1,000, மொத்த லாபம் ₹500, மீதி இருப்பு ₹1,200. சராசரி முறையில் அடக்கம் ₹1,100, லாபம் ₹400, இருப்பு ₹1,100. விலை ஏறும் காலத்தில் ஃபிஃபோ லாபத்தையும் இருப்பையும் கூட்டிக் காட்டுகிறது. கரன்ட் ரேஷியோ (நடப்புச் சொத்தை நடப்புக் கடனால் வகுத்தது) கூடும். கடைசி இருப்பை வைத்துப் பார்த்தால் இன்வென்டரி டர்ன்ஓவர் (அடக்கத்தை இருப்பால் வகுத்தது) ஃபிஃபோவில் 0.83, சராசரியில் 1. இதை ஒருமுறை கையால் போட்டவருக்குத் திசைகள் மறக்காது. மனப்பாடம் செய்தவருக்கு, கேள்வி விலை இறங்கும் காலத்தைப் பற்றி என்றால் எல்லா அம்பும் குழம்பிவிடும்.

எதிக்ஸ்

தொழில் ஒழுக்க விதிகளைப் பற்றிய இந்தப் பாடம்தான் லெவல் ஒன்றில் 15 முதல் 20% எடை உள்ள ஒரே பாடம். விதிகளின் பெயரையும் எண்ணையும் சொல்லத் தெரிந்தால் பயனில்லை. எல்.ஓ.எஸ். வரிகளின் வினைகள் சூழலுக்குப் பொருத்திக் காட்டவும், மீறலை அடையாளம் காணவும், தடுக்கும் நடைமுறையைப் பரிந்துரைக்கவும் சொல்கின்றன. அதனால் ஒவ்வொரு பயிற்சிக் கேள்விக்கும் விடை பார்க்கும் முன் மூன்று துண்டு எழுதுங்கள்: எந்தக் கடமை இங்கே தொடப்படுகிறது, கதையின் எந்தத் தகவல் அதைத் தொடுகிறது, அந்த நபர் என்ன செய்திருந்தால் மீறல் இல்லை. மூன்றாவது துண்டு எழுத வரவில்லை என்றால், விடை சரியாக வந்திருந்தாலும் ஊகம்தான்.

பரிந்துரைக்கச் சொல்லும் வரிகளில் இன்னொரு கண்ணி உண்டு. விதி கட்டாயமாகக் கேட்பது வேறு, நல்ல நடைமுறை என்று பரிந்துரைப்பது வேறு. பரிந்துரையைப் பின்பற்றாதது தன்னளவில் மீறல் ஆகாது. எதிக்ஸ் பக்கங்களைப் படிக்கும்போதே கட்டாயத்தை ஒரு நிறத்திலும் பரிந்துரையை வேறு நிறத்திலும் கோடிடுங்கள். நிறம் தீட்டுவது உண்மையிலேயே பயன் தரும் இடம் இது.

ஒரு பாடப்பகுதியை எடுத்து முடிப்பது

படிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வரிகளை மட்டும் பாருங்கள். ஏற்கெனவே தெரிந்தது போலத் தோன்றும் வரியை அப்போதே வெற்றுத்தாளில் சோதித்துவிடுங்கள், பி.காம்., சி.ஏ. பின்னணியில் வருபவர்களுக்கு இதில் நிறைய நேரம் மிஞ்சும். பிறகு பாடத்தைப் படியுங்கள். வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு பாடத்தைத் தாண்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று வரி சொல்லும். எந்த அளவு கடினத்தில் என்பது பாடத்தின் உள்ளே தீர்த்துக்காட்டப்பட்ட எடுத்துக்காட்டுகளில் இருக்கிறது. அவற்றை வாசித்துவிட்டுப் போகாமல், தீர்வை மூடிவைத்துப் போட வேண்டும்.

முடித்த அன்றே புத்தகத்தை மூடி, வரி வரியாகச் செய்துபாருங்கள். முடிவை மூன்றில் ஒன்றாகக் குறிக்கலாம்: தடையில்லாமல் வந்தது, தடுமாறி வந்தது, வரவில்லை. பக்கத்தில் தேதி. இரண்டு நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து இன்னொருமுறை. அன்றைக்கே சோதித்துத் தடையில்லாமல் வந்ததை நம்பக் கூடாது, அது இன்னும் சூடாக இருக்கிறது. இரண்டு வார இடைவெளிக்குப் பிறகும் வந்தால்தான் அந்த வரி உங்களுடையது.

தேர்வு ஆங்கிலத்தில் என்றாலும், எக்ஸ்ப்ளெய்ன் வரிகளை முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப்பார்ப்பது நல்லது. ஆங்கிலத்தில் பாட வாக்கியத்தையே ஒப்பித்துவிட்டுப் புரிந்ததாக நினைத்துவிட முடியும். தமிழில் சொல்லும்போது ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். இரண்டாம் முறை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். லெவல் மூன்று எழுதுபவர்கள் தட்டச்சும் செய்து பழக வேண்டும்.

தவறுகளை வரிக்கு வரி குறிப்பது

பயிற்சிக் கேள்விகளில் எந்தப் பாடத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்து ஆறுதல் அடைவது சுலபம். ஃபிக்ஸட் இன்கமில் 68% என்ற எண் அடுத்து என்ன செய்வது என்று சொல்லாது. தவறிய ஒவ்வொரு கேள்வியையும் எந்த எல்.ஓ.எஸ். வரிக்கு உரியது என்று கண்டுபிடித்து ஷீட்டில் அந்த ரோவில் குறியுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் ஆகும். அந்தத் தேடலே நல்ல மறுபடிப்பு.

காரணத்தை நான்கு வகைக்குள் அடக்கலாம். தெரியவே தெரியாது. தெரியும், ஆனால் வேறு வினைக்குத் தயாராகி இருந்தேன், அதாவது கணக்கு வரும், பொருள் சொல்ல வராது. கணக்கில் அல்லது கால்குலேட்டரில் தவறு. கேள்வியைத் தவறாக வாசித்தேன், "லீஸ்ட் லைக்லி" என்பதை "மோஸ்ட் லைக்லி" என்று எடுத்துக்கொண்டேன். முதலாவதற்கு மறுபடியும் பாடம். இரண்டாவதற்குப் பாடத்தைத் திரும்பப் படித்துப் பயனில்லை. அந்த வினைக்கான கேள்விகளை மட்டும் பத்துப் பன்னிரண்டு போட வேண்டும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் கால்குலேட்டர் அமைப்புதான் காரணம்: பழைய பதிவுகளை அழிக்காமல் அடுத்த கணக்கைத் தொடங்குவது, ஆண்டுத் தொடக்கத்தில் பணம் வரும் பிகின் நிலையில் விட்டுவிட்டு மறந்துபோவது. நான்காவது பொதுவாகக் களைப்பில் வருவது, மாக் எனும் மாதிரித் தேர்வின் கடைசி முப்பது கேள்விகளில் அது கூடுகிறதா என்று பாருங்கள்.

ஒரே வரியில் மூன்று தவறு சேர்ந்துவிட்டால், மற்றதை நிறுத்திவிட்டு அந்த வரியை முடியுங்கள். சரியாக வந்தாலும் ஊகித்துப் போட்ட கேள்விகளையும் தவறாகவே குறிக்க வேண்டும். இதில் கண்டிப்பாக இல்லாவிட்டால் ஷீட் முழுவதும் பொய் சொல்லும்.

நேரத்தை எப்படிப் பங்கிடுவது

எல்லா வரிக்கும் சமமான நேரம் கொடுப்பது நியாயமாகத் தோன்றும், பலன் தராது. ஒரு லெவலுக்கு ஏறக்குறைய 300 மணி நேரம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அதில் 80 மணி நேரத்தை மாக் தேர்வுக்கும் கடைசி மீள்பார்வைக்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மீதி 220. லெவல் ஒன்றில் நிதிநிலை அறிக்கை, ஈக்விட்டி, ஃபிக்ஸட் இன்கம் மூன்றுக்கும் தலா 11 முதல் 14% எடை. நடு எண்ணை வைத்தால் தலா 27 மணி நேரம். எதிக்ஸுக்கு 38. குவான்ட்டும் (கணித, புள்ளியியல் முறைகள்) எகனாமிக்ஸும் 6 முதல் 9%, தலா 16. பிறகு உங்கள் பின்னணிக்கு ஏற்பக் கூட்டிக் குறையுங்கள். எகனாமிக்ஸில் வரிகள் நிறைய, எடை கொஞ்சம். ஒவ்வொரு வரியையும் முழுமையாக முடிக்க நினைப்பவர்கள் அங்கேயே நாட்களைத் தொலைக்கிறார்கள்.

ஆனால் குவான்ட்டை எடை பார்த்துக் குறைத்துவிட வேண்டாம். பணத்தின் காலமதிப்பு சரியாக வராவிட்டால் பத்திரம், பங்கு மதிப்பீடு, டெரிவேட்டிவ் எல்லாவற்றிலும் கால்குலேட் வரிகள் விழும்.

லெவல் இரண்டிலும் மூன்றிலும்

லெவல் இரண்டில் தனிக்கேள்வி கிடையாது. ஒரு நீளமான சூழல் விவரம், அதன் கீழ் நான்கு கேள்விகள். மொத்தம் 88 கேள்வி, சராசரியாகக் கேள்விக்கு மூன்று நிமிடம், வாசிக்கும் நேரமும் அதற்குள். ஒரே சூழலில் மூன்று நான்கு எல்.ஓ.எஸ். வரிகள் கலந்து வரும். தனித்தனியாகச் சோதித்த வரிகளை இங்கே சேர்த்துச் சோதிக்க வேண்டும்: ஒரு பாடப்பகுதியின் வரிகளைப் பார்த்து, எவற்றை ஒரே நிறுவனத்தின் கதைக்குள் வைக்க முடியும் என்று யோசியுங்கள். விவரத்தை வாசிக்கும் முன் கேள்விகளைப் பார்த்து, ஒவ்வொன்றும் எந்த வரி என்று அடையாளம் கண்டால் எந்த எண்ணைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

லெவல் மூன்றில் எழுதும் பகுதி இருப்பதால் வினைச்சொல் நேரடியாக மதிப்பெண் ஆகிறது. டிடர்மின் என்றால் முடிவைச் சொல்ல வேண்டும். ஜஸ்டிஃபை என்றால் அந்த வாடிக்கையாளரின் தகவலோடு கட்டிய காரணம் வேண்டும். பாடப்புத்தகத்தின் பொதுவான காரணத்துக்கு மதிப்பெண் கிடைப்பது அரிது. "இடர் தாங்கும் திறன் குறைவு" என்று நிறுத்தாமல், "ஓய்வுக்கு நான்கு ஆண்டே இருப்பதாலும், ஆண்டுச் செலவு முழுவதும் இந்தப் போர்ட்ஃபோலியோவிலிருந்தே வருவதாலும் குறைவு" என்று எழுதுங்கள். இரண்டு காரணம் கேட்டால் இரண்டு மட்டும். முதலில் எழுதிய இரண்டைத்தான் திருத்துவார்கள். நான்கு எழுதி நல்லது கடைசியில் இருந்தால் வீண். முழு வாக்கியம் கூடத் தேவையில்லை, சுருக்கமான புள்ளிகள் போதும். கணக்கில் படிகளைக் காட்டினால், விடை தவறினாலும் கொஞ்சம் மதிப்பெண் கிடைக்கலாம்.

நிதி இடர் மேலாண்மைத் தேர்வான எஃப்.ஆர்.எம். எழுதுபவர்களுக்கும் இதே முறை பொருந்தும். அதை நடத்தும் கார்ப் அமைப்பு லேர்னிங் அப்ஜெக்டிவ்ஸ் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பாகம் ஒன்றில் நான்கு மணி நேரத்தில் 100 கேள்வி என்பதால் கால்குலேட் வரிக்கு 2.4 நிமிட அளவில் உங்களைச் சோதியுங்கள். கணக்கியல் தகுதித் தேர்வான ஏ.சி.சி.ஏ.வின் பாடத்திட்டத்தில் இன்னும் வசதி: ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் 1, 2, 3 என்று ஆழத்தின் நிலை குறிக்கப்பட்டிருக்கும். 3 என்று குறித்ததை மனப்பாடத்தால் தொட முடியாது.

கடைசி நான்கு வாரம்

இப்போது பாடப்புத்தகத்தை முதலிலிருந்து மறுபடி திறக்காதீர்கள். ஷீட்டில் "வரவில்லை", "தடுமாறி வந்தது" என்ற ரோக்களை மட்டும் வடிகட்டி, எடை அதிகமுள்ள பாடத்திலிருந்து தொடங்குங்கள். நாளுக்கு 25 முதல் 30 வரி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு நிமிடம், பாட வரிசையைக் கலைத்துப்போட்டு. வரிசைப்படி போனால் முந்தைய வரி அடுத்ததற்குத் துப்புக் கொடுத்துவிடும். தேர்வறையில் அந்தத் துப்பு இருக்காது. வாரத்துக்கு ஒரு முழு மாக் தேர்வு, உண்மையான நேர அளவில், இரண்டு பகுதியும் ஒரே நாளில். அதன் தவறுகளை அன்றே ஷீட்டில் ஏற்றிவிட்டு, மறுநாள் காலை அந்த ரோக்களிலிருந்து ஆரம்பியுங்கள்.

கடைசி வாரத்திலும் சில வரிகள் வராமலே இருக்கும். எடை குறைந்த பாடத்தில் உள்ள, ஒரே ஒரு கட்டம் மட்டும் வராத வரிகளை விட்டுவிடலாம். எதிக்ஸ் வரி எதையும் விட வேண்டாம்.